ஒன்பதாவது கதிரை

என் அம்மா இன்றைக்கும் என் பழைய பள்ளிக்கூட அதிபரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டார். வீட்டுக்கு வந்த யாராவது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதையெடுத்தால் போதும், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவார். "நான் போய்க் கேட்ட உடனை மறுபேச்சில்லாமல் இவளைச் சேத்துக்கொண்ட மனுசி. இந்தக் காலத்திலை ஆர் அப்பிடிச் செய்யிறது" என்பார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். கோப்பை கழுவுகிறேன் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். கழுவத்தான் செய்கிறேன். கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால், வருகிற கொதிக்கு அந்தக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடுவேன்.

அந்த அதிபரைப் பற்றி எழுதும்போது 'சொன்னார், வந்தார்' என்று மரியாதை போட எனக்கு மனம் வரவில்லை. வளர்ப்புச் சரியில்லை என்று நினைக்கிறவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கனடாவில், மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா நகரத்துக்குள் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அம்மா உறைந்த பீட்சா செய்கிற தொழிற்சாலையில் நின்றார். ஓடும் பட்டியில் வரிசையாக வருகிற ரொட்டிகளின் மேல் சீஸ் தூவுவதுதான் வேலை. அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரு மெக்சிக்கோப் பெண். அவருடைய மகள் மரிசோல் என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு தாய்மாருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனால் எட்டு மணித்தியாலம் பக்கத்தில் நின்றால் எல்லாம் விளங்கும் என்று அம்மா சொல்வார்.

இங்கே அரசாங்கம் பள்ளிக்கூடங்களை வறுமையின்படி பத்துப் படியாகப் பிரித்து வைத்திருக்கும். ஒன்று என்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பத்து என்றால் எங்களைப் போன்றவர்கள். எங்கள் பள்ளிக்கூடம் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே பாடம் அதுதான். மணி அடிக்க முன்னமே நாங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் நிற்போம். பாலும் பாணும் தருவார்கள். அதை வாங்க வெட்கப்பட்ட ஒரு பிள்ளையையும் நான் கண்டதில்லை, ஏனென்றால் வாங்காத பிள்ளையே அங்கே இல்லை.

அந்தப் பகுதியில் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பங்கள் நிறைய இருந்தன. அதனால் பள்ளிக்கூடம் ஒவ்வொரு ஆண்டிலும் ஒரு வகுப்பைத் தனியாக நடத்தியது. காலையில் பிரெஞ்சு, மத்தியானத்துக்குப் பிறகு ஸ்பானிஷ். தன் மொழியில் வடிவாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை பிரெஞ்சையும் கெதியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்களின் எண்ணம். நல்ல எண்ணம். எனக்கு இந்தக் கதையில் யார் மேலெல்லாமோ கோபம் இருக்கிறது, அந்த எண்ணத்தின் மேல் இல்லை. அந்த வகுப்பில் இடம் மிஞ்சியபோது மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்றார்கள். ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அம்மா அதைக் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்டார். மற்ற வகுப்பைவிடப் பத்துப் பேர் குறைவு என்று தெரிந்ததும் என்னைச் சேர்த்துவிட்டு வந்தார்.

அம்மாவின் இந்தக் கணக்கு விளங்க வேண்டுமானால் அவர் ஊரில் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ரியூசன் இரண்டு வகை. 'மாஸ்' என்றால் தகரக் கொட்டிலுக்குள் வாங்கு போட்டு, நூறு நூற்றைம்பது பேரை நெருக்கி இருத்தி, மாஸ்ரர் மைக்கில் படிப்பிப்பது. பின்வாங்கில் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும், கரும்பலகை தெரியாது. 'குறூப்' என்றால் அதே மாஸ்ரர் எட்டுப் பத்துப் பேரை மட்டும் தன் வீட்டில் இருத்தி, ஒவ்வொருவரின் கொப்பியையும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது. குறூப்புக்கு வசதியும் வேண்டும், செல்வாக்கும் வேண்டும். அம்மா மாஸில் படித்தவர். இரசாயனவியலில் நாலைந்து புள்ளியால் பல்கலைக்கழக இடம் தவறிப்போனது. குறூப்பில் படித்த அவருடைய சிநேகிதி இப்போது லண்டனில் டொக்டர். இந்தக் கதையை நான் நடக்கப் பழகுகிற காலத்திலிருந்து கேட்டு வருகிறேன்.

ஸ்பானிஷ் எனக்குப் பிடித்தது. நாலாம் வகுப்பு முடியும்போது கதைப் புத்தகம் வாசித்தேன், ஐந்தாம் வகுப்பில் கனவிலும் ஸ்பானிஷ் கதைத்தேன் என்று அம்மா முறைப்பட்டார். பிரெஞ்சில் நான் நடுத்தரம். சொல்வதெழுதல் எழுதினால் தாளில் சிவப்பு மைதான் கூட இருக்கும். மரிசோல் நிலைமை இன்னும் மோசம். அவள் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆனால் ஸ்பானிஷில் கேட்டால் பின்னக் கணக்கைப் பென்சில் தொடாமல் வாயாலேயே செய்துவிடுவாள். அதே கணக்கைப் பிரெஞ்சில் நாலு வரிக் கதையாக எழுதிக் கொடுத்தால், முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். கணக்குத் தெரியாது என்று அவளுடைய அறிக்கையில் எழுதினார்கள்.

நாங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்த ஆண்டு புதிய அதிபர் வந்தாள். பரீட்சை முடிவுகளின்படி பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்திப் பத்திரிகையில் போடுவார்கள். எங்கள் பெயரைப் பார்க்க வேண்டுமானால் அடியிலிருந்து வாசிக்க வேண்டும். அதை மாற்றத்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நல்ல சிரித்த முகம். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒரு மாதத்துக்குள் அவளுக்குப் பாடம். என் நீளப் பெயரைக்கூடப் பிழையில்லாமல் கூப்பிட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் என்ன கேட்டிருந்தாலும் நான் செய்திருப்பேன்.

ஆறாம் வகுப்பு முடிவில், ஜூன் மாதம், மாகாணம் முழுவதற்கும் ஒரே பரீட்சை. எங்கள் பகுதி உயர்பள்ளியில் கெட்டிக்காரருக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. விஞ்ஞானத்துக்குத் தனி ஆய்வுகூடம், ஆங்கிலத்துக்குத் தனி நேரம். அந்தப் பரீட்சையின் புள்ளியைப் பார்த்துத்தான் அதற்கு எடுப்பார்கள். அம்மாவுக்கு அது ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி. அந்த வகுப்புக்குள் நான் போனால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும், போகாவிட்டால் தன்னைப் போல எங்கேயாவது நின்று சீஸ் தூவ வேண்டியதுதான் என்று நேரே சொல்லிவிட்டார்.

ஜனவரியில், நத்தார் விடுமுறை முடிந்து வந்தபோது, எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேரின் பெயரை வாசித்து மத்தியானத்துக்குப் பிறகு வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வட்ட மேசை, எட்டுப் புதுக் கதிரை, அவர்களுக்கு மட்டும் ஓர் இளம் ரீச்சர். மரிசோலும் அதில் ஒருத்தி. மூன்று மணிக்குத் திரும்பி வரும்போது அவள் கையில் பிஸ்கற் இருந்தது.

நான் இதை வீட்டில் சொல்லவில்லை. மரிசோலின் தாய் தொழிற்சாலையில் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். கையால், கண்ணால், எட்டு விரலால் சொல்லியிருப்பார். அன்றைக்கு அம்மா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை. "எட்டுப் பேருக்கு ஒரு ரீச்சர். பரீட்சைக்கு ஐஞ்சு மாசம் இருக்கேக்கை. நேற்று வந்த பிள்ளையை எடுத்திருக்கினம், நாலு வருசமாப் படிக்கிற என்ர பிள்ளையை விட்டிட்டினம்" என்று வாசலில் நின்றே சத்தம் போட்டார். அப்பா சமாதானம் சொல்லப் பார்த்தார். அம்மா விடாப்பிடியாக நாண்டுகொண்டு நின்றார். ஊரில் தனக்குக் கிடைக்காத குறூப் தன் மகளுக்கும் கிடைக்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் தயாரில்லை.

அடுத்த கிழமை அம்மா லீவு போட்டார். விடிய எழும்பி உழுந்து வடை சுட்டு, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அடுக்கி, நல்ல சல்வாரும் அதற்கு மேல் பனிக் கோட்டும் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மொழிபெயர்ப்புக்கு நான். அதிபரின் அறையில் கதகதப்பாக இருந்தது. அம்மா வடைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேள். என்ர பிள்ளையிலை என்ன குறைச்சல் எண்டு கேள்."

எனக்கும் அந்தக் குழுவில் ஓரிடம் கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார் என்று நான் பிரெஞ்சில் பணிவாகச் சொன்னேன். அதிபர் புருவத்தை உயர்த்தினாள். அது எல்லாருக்குமான குழு இல்லை என்றாள். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"எல்லாருக்கும் இல்லை எண்டு தெரியும். அதுக்குத்தானே நான் வந்தனான்" என்றார் அம்மா.

அதிபர் என்னுடைய கோப்பை எடுத்துப் புரட்டினாள். கார்த்திகை மாதத்துப் பிரெஞ்சுத் தாளில் அவள் விரல் நின்றது. தப்பினேன் பிழைத்தேன் என்று சித்தியடைந்த தாள் அது. அவள் பேனையால் அதன் மேல் இரண்டு தரம் தட்டினாள். பிறகு, இந்தக் குழு எதற்கென்று அம்மாவுக்கு நன்றாக விளங்குகிறதா என்று என்னைக் கேட்டாள். நான் அம்மாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அந்தப் புதுக் கதிரை வேண்டும், பிஸ்கற் வேண்டும், மரிசோலின் பக்கத்தில் இருக்க வேண்டும். "விளங்குது" என்றேன். அவள் ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். இன்னொரு கதிரை போடலாம் என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. நான் பதினொரு வயதுப் பிள்ளை, எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மொழி தெரியாது. அந்த அறையில் விசயம் தெரிந்த ஒரே ஆள் அவள். எதிரில் இருக்கிற பெண் எதையோ தலைகீழாக நினைத்துக்கொண்டு வடையும் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவளுக்கு வடிவாக விளங்கியது. விளங்காமலா அப்படிக் கேட்டாள். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேட்டுவிட்டேன், ஓம் என்றார்கள் என்று தன் மனச்சாட்சிக்கு ஒரு பதிலைச் சம்பாதித்துக்கொண்டு வடையை வாங்கி வைத்தாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கையெழுத்துப் போடச் சொல்லி நாலு பக்கத்தில் ஒரு கடுதாசி தந்துவிட்டாள். வீட்டில் அப்பா வாசிக்கச் சொன்னார். நீளநீளமான சொற்கள். எனக்கு விளங்கிய ஒரு வரி, என்னிடம் எதிர்பார்ப்பவை எனக்கேற்றபடி மாற்றப்படும் என்பது. எனக்கேற்ற மாதிரிப் பாடத்தை மாற்றித் தருவார்கள் என்று சொன்னேன். அம்மாவின் முகம் விரிந்துபோனது. "பாத்தீங்களோ, இவளுக்கெண்டு தனிப் பாடம்." பள்ளிக்கூடம் தருகிற கடுதாசியில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று சொல்லி அப்பா கையெழுத்து வைத்தார். விசாக் கடுதாசியை ஐந்து பேரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கிற மனிதர் அவர். வாத்திமார் தருவதை மட்டும் வாசிக்கமாட்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் அந்தக் கடுதாசியோடு போகும்போது ஸ்பானிஷ் ரீச்சர் என்னைப் படிக்கட்டடியில் மறித்தார். அவர் எல் சல்வடோர்காரி. சின்ன வயதில் போருக்குத் தப்பி வந்தவர். கட்டையான உருவம், கண்டிப்பான குரல். எழுத்து அழகில்லை என்று என் கொப்பித் தாளைக் கிழித்து மறுபடி எழுத வைத்தவர். கையில் என்ன என்று கேட்டார். காட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் கறுத்தது. அதிபரின் அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இதை இன்றைக்குக் கொடுக்காதே. உன் அம்மா முதலில் என்னை வந்து பார்க்க வேண்டும். எத்தனை மணியானாலும் நிற்கிறேன். நான் சொன்னேன் என்று சொல்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே. சின்னக் குழு நடக்கிறது ஸ்பானிஷ் நேரத்தில். ஏற்கெனவே எட்டுப் பேர் அவருடைய வகுப்பிலிருந்து போய்விட்டார்கள். நானும் போனால் அவருக்குப் பிள்ளைகள் குறையும். தன் வகுப்பு நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக என்னைக் கீழே இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவரிடம் தலையாட்டிவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போய்க் கடுதாசியைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன், அம்மா தேவையில்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். கண்ணை அசைக்காமல் சொன்னேன். அவர் சரி என்று திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அம்மா எடுத்து, அவருடைய பிரெஞ்சு விளங்காமல், "மெர்சி மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்பதாவது கதிரையில் நான் ராணி. அந்த இளம் ரீச்சர் நல்ல பிள்ளை, சத்தமே போடமாட்டார். தருகிற கணக்கெல்லாம் நான் நாலாம் வகுப்பில் செய்த மாதிரி இருந்தது. வாசிக்கத் தருகிற கதையில் ஒரு பூனை காணாமல் போகும், அடுத்த பக்கத்தில் கிடைக்கும். எனக்கு நூற்றுக்கு நூறு, மரிசோலுக்கும் நூற்றுக்கு நூறு. பாடம் லேசாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்றுதான் தோன்றியது. அம்மா அந்தத் தாள்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். கதவு நிரம்பியதும் அலுமாரியில் ஒட்டினார். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். வசதியான புறநகர் புவாண்ட்-கிளேரில் இருந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவரும் தன் மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சின்னக் குழு கேட்டிருக்கிறார். உங்கள் மகனுக்கு அது தேவையில்லை மடாம் என்று அவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிறம் பார்த்துச் செய்கிறார்கள் என்று பெரியம்மா ஒரு மாதம் புறுபுறுத்தார். என் அம்மாவுக்கு உள்ளுக்குள் சரியான புளுகம், சந்தோசம் பிடிபடவில்லை.

ஜூன் வந்தது. பரீட்சைக் கிழமைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அம்மா என் பெயரில் அர்ச்சனை செய்து, புதுப் பேனையைச் சாமி காலடியில் வைத்து எடுத்துத் தந்தார். திங்கட்கிழமை அந்தப் பேனையால் நான் சோதினை எழுதினேன். வட்ட மேசையில், ஒன்பது பேரும், இரண்டே பக்கம். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, சரியான லேசு என்றேன். "குறூப்பிலை படிச்சாச் சோதினை அப்பிடித்தான் இருக்கும்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். நானும் அதை நம்பினேன். அம்மாவைப் பேய்க்காட்டி ஏமாற்ற நினைக்கவில்லை, அதுதான் பரீட்சை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாயும் புதனும் மற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மேல்மாடியில் தனித்தனி மேசை போட்டு இருத்தியிருந்தார்கள். நடைபாதையில் சத்தம் போடக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் ஒன்பது பேரையும் முதல் நாள் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டாம் நாள் மஞ்சள் பஸ்ஸில் இல்-பிசார் என்ற தீவுக்கு. எங்கள் ஒன்பது பேருக்கு ஒரு முழுப் பஸ். நான் அதுவரை அப்படியொரு இடத்தைக் கண்டதில்லை. வேலியில்லாத வீடுகள், ஆளில்லாத தெருக்கள், சதுப்பு நிலத்துக்கு மேலே பலகைப் பாதை. ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகிற பாதைப்படகில் ஏற்றினார்கள். அக்கரைக்குப் போய், இறங்காமலே திரும்பி வந்தோம். மரிசோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் பாட, நாங்கள் எல்லாரும் சேர்ந்து பாடினோம். அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். அதுதான் எனக்கு ஆற்றாமை. அந்த வெயிலும் அந்தத் தண்ணீரும் எங்களைப் பரீட்சைக் கணக்கிலிருந்து தூக்கிக் கழிப்பதற்குத் தந்த பிஸ்கற் என்று தெரிந்த பிறகும், அந்த நாளை என்னால் வெறுக்க முடியவில்லை.

செப்ரெம்பரில் உயர்பள்ளியில் என்னுடைய பெயர் கெட்டிக்காரர் பட்டியலில் இல்லை. சாதாரண வகுப்புகளிலும் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு அறை, அங்கே ஒரு வட்ட மேசை, எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேர். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அம்மா ஓடித் திரிந்தார். கடைசியில் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தார். எல்லாம் அந்த ஸ்பானிஷால் வந்த வினை, அதிபர் கடைசி நேரத்தில் கைகொடுத்தும் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது என்று. மரிசோல் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். பின்னக் கணக்கை வாயால் செய்கிறவள். நான் பத்தொன்பது வயதில் பெரியவர்களுக்கான கல்வி நிலையத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினேன். அங்கே ஒரு ஆலோசகர் என் பழைய கோப்பைத் திறந்து, அப்பா கையெழுத்து வைத்த நாலு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். படிக்க முடியாத பிள்ளை என்று பெற்றோர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவளுக்குச் சுருக்கிய பாடம், பொதுப் பரீட்சை இல்லை, பள்ளிக்கூடத்தின் முடிவுக் கணக்கில் அவள் சேரமாட்டாள். நான் அவரை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். இப்போது நான் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் மூன்று மொழியில் தொலைபேசி எடுக்கிறேன். அதிலே ஸ்பானிஷ் தெரிந்ததற்காகத்தான் என்னை எடுத்தார்கள். அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழுவுக்காக வாதாடி இடம் பிடித்தவர் அவர். அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது.

ஆனால் அந்த ஜூன் மாதக் கடைசி நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டு முடிவு விழாவுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா சேலை உடுத்து வந்து முன்வரிசையில் இருந்தார். அதிபர் மேடையில் ஏறி, எங்கள் பள்ளிக்கூடத்தின் புள்ளி இவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு கணக்குச் சொன்னாள். கணக்கு எனக்கு ஞாபகமில்லை. மண்டபம் அதிரக் கை தட்டியது. சின்னக் குழுப் பிள்ளைகளை எழும்பி நிற்கச் சொல்லி, இந்த வெற்றியில் இவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. நாங்கள் ஒன்பது பேரும் எழும்பி நின்று, கை சிவக்கச் சிவக்க எங்களுக்காகத் தட்டினோம். அம்மா அழுதுகொண்டு தட்டினார்.

ஒரு ஆள் தட்டவில்லை. ஸ்பானிஷ் ரீச்சர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு அதிபரையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்கச் சந்தோசத்தில் நிற்க, இவருக்கு மட்டும் எங்கள் வெற்றி பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. தன் வகுப்பை விட்டுப் போனோம் என்ற வயிற்றெரிச்சல். தன்னிடம் படித்த பிள்ளைகள் நன்றாக வந்ததைப் பார்க்க முடியாத மனம். முகமெல்லாம் சூடாகிக் காது அடைக்கிற அளவுக்கு ஒருவர் மேல் எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் வெளியே போகும்போது அவர் கதவடியில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கட்டிப்பிடித்து அனுப்பினார். மரிசோலை நெடுநேரம் விடவில்லை. அடுத்தது நான். அவர் என் பெயரைச் சொல்லி இரண்டு கையையும் விரித்தார். கண் கலங்கியிருந்தது. நான் நிற்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவருடைய கைக்கு எட்டாமல் சுவரோரமாக விலகி, அம்மாவிடம் ஓடிப்போனேன். அம்மா அப்போது அதிபரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நானும் போய் அதிபரைக் கட்டிப்பிடித்தேன்.

அந்த மண்டபத்தில் எனக்காகக் கோபப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். என் வாழ்க்கையின் முதல் கோபத்தை நான் அவருக்குத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.